டர்பனிலிருந்து கேப் டவுன் வரை வண்டியில்: அமைதியான இராத்தங்கல் பிடிப்பது எப்படி?

பீனிக்ஸ் பக்கி:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டிசம்பர் 8 காலை டர்பனிலிருந்து கிளம்பி என்3, என்5, என்1 நெடுஞ்சாலைகள் வழியாகக் கேப் டவுன் போகிறோம். நான்கு பேர். டபுள் கேப் பக்கி (பின்னால் சரக்குத் தட்டுள்ள பிக்கப் வண்டி), மேலே கூரைக் கூடாரம். அப்பா அம்மாவுக்குத் தரையில் தனிக் கூடாரம். அப்பாவுக்கு 72 வயது. இரவில் இரண்டு முறை எழுவார், சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வார். ஆகவே வசதியை விட அமைதிதான் எங்களுக்கு முக்கியம்.

கேட்க வேண்டியது மூன்று. என்1 ஓரத்தில் மரநிழலில் சிமெண்ட் மேசை போட்ட நிறுத்தங்கள் இருக்கின்றனவே, அங்கே இரவு தங்கலாமா? ஒரு இடம் இரவில் சத்தமாக இருக்குமா என்று போகும் முன்பே மேப்பில் கண்டுபிடிக்க வழி உண்டா? மின்சாரம் இல்லாத கேம்பில் குளிர்பெட்டிக்குப் பேட்டரி எத்தனை இரவு தாங்கும்?

மரிட்ஸ்பர்க் மாமா:

தம்பி, மேசை நிறுத்தத்தில் இரவு தங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பகலில் கால் நீட்ட, சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்க அது நல்ல இடம். இரவில் அது வேறு இடம். மரம் நட்டிருப்பது தார் சாலையிலிருந்து பத்திருபது மீட்டர் தள்ளி. கேப் டவுன் லாரிகள் விடிய விடிய ஓடுகின்றன. பின்னால் பண்ணை வேலி, முன்னால் சாலை. வெளியேற ஒரே வாய். போகிற வருகிற ஒவ்வொரு வண்டியின் விளக்கும் உங்கள் கூடாரத்தின்மேல் விழும், அதில் இருப்பவர்கள் எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். கழிப்பறை கிடையாது. கூரைக் கூடாரத்தை விரித்துவிட்டால் அவசரத்துக்கு வண்டியை எடுக்கவும் முடியாது. மடித்துக் கட்டக் குறைந்தது ஐந்து நிமிடம் ஆகும்.

இந்த நாட்டில் ஆளில்லாத இடத்தைத் தேடாதீர்கள். நீங்கள் அங்கே படுத்திருப்பது தெரிந்த ஒரு ஆள் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். பண்ணைக்காரர், பூங்காக் காவலர், கேம்ப் நடத்தும் அம்மா, யாராவது ஒருவர். கேட்டுக்குப் பின்னால் படுத்தால் அப்பாவும் தூங்குவார், நீங்களும் ஒரு கண்ணைத் திறந்துவைக்க வேண்டியதில்லை.

வெறும் புல்வெளி என்று நினைத்து உள்ளே ஓட்டுவதும் தவறு. குவாசுலு-நடாலில் மட்டும் சுமார் 28 லட்சம் ஹெக்டேர் நிலம் 1994-இல் ஏற்படுத்திய இங்கோன்யாமா டிரஸ்டின் பெயரில் இருக்கிறது. வேலி இல்லாவிட்டாலும் அது யாரோ ஒரு குடும்பத்தின் மேய்ச்சல் நிலம். அங்கே நிறுத்த வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியவர் அந்த ஊர் இந்துனா, அதாவது ஊர்த்தலைவர். வணக்கம் சொல்லி, எத்தனை பேர், எத்தனை இரவு என்று சொல்லிக் கேட்டால், எங்கே நிறுத்துவது என்று அவரே ஆள் அனுப்பிக் காட்டுவார்.

பண்ணையானால் காலை பத்து மணிக்குப் போன் செய்யுங்கள். மாலை ஐந்துக்குச் செய்தால் பால் கறக்கும் நேரம், ஆள் எடுக்கமாட்டார். சொல்ல வேண்டியது: எத்தனை பேர், எத்தனை வண்டி, நம்பர் பிளேட், வந்து சேரும் மணி, எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், தீ மூட்டுவீர்களா இல்லையா. கேட்க வேண்டியது: நாய் அவிழ்ந்திருக்குமா, மின்வேலி எங்கே, இரவில் பம்பு ஓடுமா, கோமாரிக் கட்டுப்பாடு இருக்கிறதா. கோமாரி இருக்கும் பகுதியில் டயரையும் செருப்பையும் மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்; சில பண்ணைகள் அந்தச் சமயத்தில் யாரையுமே விடுவதில்லை. வழியில் உள்ள கேட்டுகள் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள். ஒரு கேட்டைத் தவறாக விட்டால் இரண்டு மந்தை கலந்துவிடும். அடுத்த தமிழ்க் குடும்பத்துக்கு அந்த இடம் கிடைக்காது.

கரூ வண்டி:

மாமா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மேப் கேள்விக்கு வருகிறேன், அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

சாட்டிலைட் படத்தைத் திறந்து, நீங்கள் பார்த்துவைத்த இடத்தைச் சுற்றி 3 கி.மீ. வட்டம் மனத்தில் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் தேட வேண்டியவை இவை.

முதலில் ரயில் பாதை. கரூ என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதியில் என்1-உம் ரயில் பாதையும் பெரும்பாலும் அருகருகே போகின்றன. ஊர்களே ரயிலை ஒட்டி எழுந்தவை. நகராட்சி கேம்ப் பல ஊர்களில் பழைய ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. இரவில் சரக்கு ரயில் வரும், லெவல் கிராசிங் இருந்தால் ஹாரனும் அடிக்கும். பாதையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கிராசிங் எங்கே என்றும் பாருங்கள். என்3 பக்கம் டர்பன்–ஜோகன்னஸ்பர்க் பாதை மூயி ரிவர், எஸ்ட்கோர்ட், லேடிஸ்மித் வழியாகப் போகிறது. அங்கேயும் இதே கதை.

அடுத்து, பச்சை வட்டங்கள். படத்தில் காம்பஸ் வைத்து வரைந்தாற்போல் வட்ட வயல் தெரிந்தால் அது சுழல் பாசனம். மின்கட்டணம் இரவு 10 முதல் காலை 6 வரை குறைவு என்பதால், பகலெல்லாம் சும்மா கிடந்த பம்பு நீங்கள் படுத்த பிறகு ஓடத் தொடங்கும். மாலை ஆறு மணிக்கு அருமையாக இருந்த ஆற்றங்கரை பத்தரைக்கு ஆலை மாதிரி இரையும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

அப்புறம் சாலைச் சரிவு. லாரி ஏறும் இடத்தில் கியர் மாற்றும், இறங்கும் இடத்தில் என்ஜின் பிரேக் போடும். வான் ரீனன் கணவாய் போன்ற சரிவுக்கு நேர் எதிரே கேம்ப் இருந்தால் காதுக்கு ஓய்வு கிடையாது. அதே லாரி சமதரையில் போனால் பாதிச் சத்தம்கூட வராது.

தூரம் மட்டும் காப்பாற்றாது. சாலை ஒரு நீண்ட கோடு. கோட்டிலிருந்து வரும் சத்தம் தூரம் இரட்டித்தால் 3 டெசிபெல்தான் குறையும். அரை கி.மீ.யிலிருந்து ஒரு கி.மீ.க்குப் போனதில் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நடுவில் ஒரு மண்மேடோ குன்றோ வந்தால் உடனே தெரியும். ஆகவே மேப்பில் உயரக் கோடுகளைப் போட்டு, சாலைக்கும் உங்களுக்கும் இடையில் மேடு இருக்கிறதா என்று பாருங்கள். குன்றுக்குப் பின்னால் 600 மீட்டர், திறந்த வெளியில் 2 கி.மீ.யை விட நல்லது. மரவரிசையை நம்பாதீர்கள், கண்ணுக்குச் சாலையை மறைக்கும், காதுக்கு மறைக்காது.

இரவுக்கென்று இன்னொன்றும் உண்டு. காற்றில்லாத தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். மேலே போகும் சத்தம் வளைந்து மறுபடி தரைக்கு வரும். பகலில் கேட்காத நெடுஞ்சாலை இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் ஓடுவது போலக் கேட்பது இதனால்தான். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் இது மிக அதிகம். பனியும் அங்கேதான் தேங்கும். அடியிலிருந்து இருபது முப்பது மீட்டர் உயரத்தில் சரிவின் ஓரம் கிடைத்தால் இரண்டிலிருந்தும் தப்பலாம்.

சாட்ஸ்வொர்த் அக்கா:

மேப் எல்லாம் சரி. ஆனா ராத்திரித் தூக்கம் கெடுறது பாதி நேரம் கேம்புக்குள்ளேயே எந்த மூலையைப் பிடிச்சோம்ங்கறதுலதான். அதை யாரும் சொல்லலை, நான் சொல்றேன்.

குளியலறைக் கட்டடத்துக்குப் பக்கத்துல போடாதீங்க. ராத்திரி முழுக்கக் கதவு அடிக்கும், விளக்கு எரியும், விடியக்காலை அஞ்சு மணிக்குக் குழந்தைகள் ஓடும். ஆனா உங்க அப்பா ரெண்டு தடவை எழுந்திருப்பார்னு சொன்னீங்களே, அதனால ரொம்பத் தூரமும் போகக் கூடாது. அம்பது அறுபது மீட்டர், வழி சமமா, நடுவுல கூடாரக் கயிறு எதுவும் குறுக்கே இல்லாத மாதிரி. வெளிச்சம் இருக்கும்போதே அவரை ஒரு தடவை நடக்க வச்சுப் பாருங்க. டார்ச் இல்லாம அனுப்பாதீங்க. பஃப் ஆடர் பாம்பு ராத்திரியில சூடு மிச்சமிருக்கிற பாதையில அசையாமக் கிடக்கும், மிதிச்சாக் கடிச்சிடும். இல்லேன்னா மூடி போட்ட வாளி ஒண்ணு கூடாரத்து முன்னறையில வச்சிடுங்க. பெரியவங்களுக்கு அதுதான் நிம்மதி, கூச்சப்பட ஒண்ணுமில்லை.

வட்டப்பாதை இருக்கிற கேம்புல வளைவோட வெளிப்புறம் வேண்டாம். தாமதமா வர்ற வண்டி ஒவ்வொண்ணும் திரும்பும்போது விளக்கு நேரா உங்க கூடாரத்துல அடிக்கும். குப்பைத்தொட்டிப் பக்கமும் வேண்டாம். பெர்க் (டிராக்கன்ஸ்பெர்க் மலை) பக்கம், கடற்கரைப் பக்கம் எல்லாம் பொழுது விடிஞ்சதும் குரங்கு வரும். க்ரூகர் கேம்புகள்ல ராத்திரியே ஹனி பேட்ஜர் வந்து தொட்டியை உருட்டும். ரொட்டி, பழம், மசாலாப் பெட்டி எல்லாம் வண்டிக்குள்ள, கண்ணாடி ஏத்தி.

உயரமான யூகலிப்டஸ் மரத்துக்கு அடியில படுக்காதீங்க. காத்தில்லாத நாள்லகூட அதோட கிளை முறிஞ்சு விழும். ஹடேடாப் பறவைக் கூட்டம் அந்த மாதிரி மரத்துலதான் ராத்தங்கும். டிசம்பர்ல நாலரை மணிக்கே கத்த ஆரம்பிச்சிடும். தரையில வெள்ளை எச்சம் தெறிச்சிருந்தா வேற இடம் பாருங்க.

இன்னொண்ணு, தேதி. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சம்பளம் வந்திருக்கும், அணைக்கட்டு ரிசார்ட் எல்லாம் ஸ்பீக்கரோட நிரம்பிடும். அதே இடம் மாசம் நடுவுல செவ்வாய்க்கிழமை போனா ஈ காக்கா இருக்காது. பிப்ரவரியில நீச்சல் போட்டி நடக்கிற வாரம் மிட்மார் அணைப் பக்கமே போகாதீங்க. ஜூன், ஜூலையில மத்தி மீன் கூட்டம் வரும்போது சவுத் கோஸ்ட் கேம்புகள் தூண்டில்காரங்களால நிறையும். ஈஸ்டருக்கு எங்கேயுமே இடம் கிடைக்காது. நம்ம ஆளுங்க மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிடுவாங்க, மத்த எல்லாரும் கேம்புலதான். டிசம்பர் 8 நல்ல தேதி. 16-ஆம் தேதி அரசு விடுமுறை, அதுக்குள்ள கேப் சேர்ந்துடுங்க.

பீனிக்ஸ் பக்கி:

மாமா, அண்ணே, அக்கா, மூவருக்கும் நன்றி. வாளி யோசனை அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. இப்போது நினைத்திருப்பது: முதல் இரவு கோல்டன் கேட் பூங்காவில் கிளென் ரீனன், இரண்டாவது கரீப் அணை, மூன்றாவது போஃபர்ட் வெஸ்ட் பக்கத்தில் கரூ தேசியப் பூங்கா. இந்த மூன்றும் அமைதியா? ஓடைக்கரையில் போட்டால் தண்ணீர்ச் சத்தம் மற்றதை மறைக்கும் என்று ஒருவர் சொன்னார், சரியா?

கரூ வண்டி:

மூன்றுமே நல்ல தேர்வு. ஒவ்வொன்றிலும் ஒரு கவனம் வேண்டும்.

கோல்டன் கேட் 1963-இல் பூங்காவானது. ஆனால் ஆர்712 என்ற பொதுச் சாலை பூங்காவின் நடுவே போகிறது. கிளென் ரீனன் அந்தச் சாலை ஓரத்திலேயே இருக்கிறது. பூங்கா என்பதால் இரவில் வண்டியே வராது என்று நினைக்காதீர்கள். உள்ளே போனதும் சாலையை விட்டு எவ்வளவு உள்ளே போக முடியுமோ அவ்வளவு உள்ளே பிடியுங்கள். டர்பனிலிருந்து சுமார் 370 கி.மீ.; காலை ஏழுக்குக் கிளம்பினால் மதியத்துக்கு மேல் சேர்ந்துவிடலாம். சூரியன் ஏழு மணி வாக்கில் மறையும், காலை ஐந்துக்கே வெயில் வந்துவிடும். கிழக்கே பாறையோ மரமோ இருக்கும் இடம் பாருங்கள். இல்லாவிட்டால் ஆறு மணிக்குக் கூடாரத்துக்குள் இருக்க முடியாது.

கரீப் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். அங்கே சத்தம் மனிதரால் வருவதை விடக் காற்றால் வருவது அதிகம். திறந்த நீர்ப்பரப்பு மேல் பிற்பகல் காற்று எழும். தண்ணீர் தெரிகிற முதல் வரிசையை எல்லாரும் விரும்புவார்கள். நீங்கள் மூன்றாவது வரிசைக்குப் போங்கள். வண்டியின் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி நிறுத்தினால் கூரைக் கூடாரத்தின் மேல்துணி குறைவாக அடிக்கும். அப்படியும் படபடத்தால் துணியின் நடுவில் ஒரு இலாஸ்டிக் கயிற்றைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். இரவு முழுக்க எரிச்சலூட்டும் சத்தம் அந்த ஒரு கயிற்றில் நின்றுவிடும்.

கரூ பூங்காவில் 2010-இலிருந்து சிங்கம் இருக்கிறது. கேம்புக்கு வேலி உண்டு, பயம் வேண்டாம். அந்த வேலியால்தான் அங்கே அமைதி. கேட் மூடிய பிறகு யாரும் சொந்த வண்டியை ஓட்டுவதில்லை. கரீபிலிருந்து சுமார் 370 கி.மீ. கேட் மூடும் நேரத்தை அதே வாரம் போன் செய்து உறுதி செய்யுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும். வைல்டு கார்டு (பூங்காக்களுக்கான ஆண்டு நுழைவு அட்டை) வைத்திருந்தால் நுழைவுக் கட்டணம்தான் கழியும், கேம்ப் கட்டணம் தனி. இதைத் தெரியாமல் கவுண்டரில் தகராறு செய்பவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே போனாலும் சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்பே சேருங்கள். இடத்தைச் சுற்றி நடக்க, வேறு மூலைக்கு மாற, சமம் பார்க்க அந்த நேரம் வேண்டும்.

மரிட்ஸ்பர்க் மாமா:

ஓடைக்கரை பற்றிக் கரூ வண்டி சொல்லாமல் விட்டதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மலை ஓடையின் சலசலப்பு மற்ற சத்தத்தை மறைக்கும், உண்மைதான். ராயல் நடாலில் மஹாய் கேம்பில் தூக்கம் நன்றாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கேம்ப் கட்டியவர்கள் விட்ட தூரத்தைத் தாண்டி நீங்களாக ஓடைக்கு நெருங்காதீர்கள். டிசம்பரில் பெர்க் பக்கம் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேல் இடிமழை கட்டும். மழை மேலே மலையில் பெய்யும். உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும். தண்ணீர் மட்டும் வந்துவிடும்.

கரூவில் இது இன்னும் கொடியது. அங்கே ஆறு என்று பெயர்ப்பலகை இருக்கும், உள்ளே மணல்தான் கிடக்கும். சமமான, மெத்தென்ற, காற்றுப் படாத மணல். பார்த்தால் கூடாரம் போடவே செய்தது போல இருக்கும். நீங்கள் போகும் என்1-இலேயே லைங்ஸ்பர்க் வருகிறது. 1981 ஜனவரி 25 அன்று பஃபல்ஸ் ஆறு வந்து அந்த ஊரில் 104 பேர் இறந்தார்கள். வறண்ட நாட்டின் ஆறு அது. கரையில் புல்லும் குச்சியும் முட்செடியில் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். போன வெள்ளம் அந்த உயரம் வந்திருக்கிறது. அதற்கு மேலேதான் படுக்க வேண்டும்.

மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது. கூரைக் கூடாரத்திலிருந்தும் தரைக் கூடாரத்திலிருந்தும் எல்லாரும் இறங்கி பக்கியின் கேபினுக்குள் உட்காருங்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து இறங்குங்கள்.

நீலப் பிளக்:

பேட்டரி கேள்விக்குப் பதில்.

40 லிட்டர் 12 வோல்ட் குளிர்பெட்டி, கம்ப்ரஸர் ஓடும்போது 3 முதல் 4 ஆம்பியர். விட்டுவிட்டு ஓடுவதால் நாளுக்குச் சுமார் 30 ஆம்பியர்-மணி. கரூவில் 38 டிகிரி வெயிலில் பக்கியின் கெனோபிக்குள் (பின்தட்டை மூடும் கூண்டு) வைத்தால் 50-ஐத் தொடும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 80-ஐ நம்பலாம்: மலையில் இரண்டரை நாள், கரூவில் ஒன்றரை நாள். ஈய-அமில பேட்டரியானால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, கணக்கும் அதற்கேற்பக் குறையும்.

பக்கி புதிய மாடலா? அப்படியானால் ஆல்டர்னேட்டர் (என்ஜினோடு சுழன்று பேட்டரியை நிரப்பும் கருவி) எரிபொருள் மிச்சத்துக்காக வோல்ட்டைக் குறைத்துவிடும். நேரே வயர் இழுத்தால் குளிர்பெட்டிக்கான இரண்டாவது பேட்டரி நிரம்பாது. எட்டு மணி நேரம் ஓட்டியும் பேட்டரி பாதிதான் என்று வரும் புகார்கள் பெரும்பாலும் இதுதான். அந்த வோல்ட்டை ஏற்றித் தரும் 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட வேண்டும். வயர் 16 சதுர மி.மீ., இரு பேட்டரி முனைகளிலும் ஃப்யூஸ். நான்கு மணி நேர ஓட்டத்தில் நிரம்பிவிடும்; நீங்கள் தினமும் ஓட்டுவதால் சோலார் தேவையே இல்லை.

மின்சாரம் உள்ள கேம்புக்கு நீல நிற 16 ஆம்பியர் கேரவன் பிளக் வேண்டும். வீட்டு மூன்று முள் பிளக்குக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று கையில் இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் 25 மீட்டர், 2.5 சதுர மி.மீ. முழுவதையும் உருளையிலிருந்து அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடி கெட்டிலோ ஹீட்டரோ போட்டால் வயர் சூடாகி உருகும். இணைப்பைப் புல்லில் கிடத்தினால் அதிகாலைப் பனியில் நனைந்து எர்த் லீக்கேஜ் (மின்கசிவு) சுவிட்ச் விழும், உங்களோடு அந்தப் பலகையில் மாட்டியிருக்கும் பக்கத்து வண்டிக்கும் மின்சாரம் போகும். இணைப்பை ஒரு கொக்கியில் தொங்கவிடுங்கள்.

குளிர்பெட்டிச் சத்தம்: பெட்டி தகரத்தைத் தொட்டால் கெனோபி முழுக்க அதிரும், மேலே படுத்திருப்பவருக்கு அது நேரே காதில் கேட்கும். அடியில் 10 மி.மீ. ரப்பர் பாய் போடுங்கள். படுக்கும் முன் 2 டிகிரிக்கு இறக்கி, படுத்ததும் 6-க்கு ஏற்றிவிடுங்கள். பல மணி நேரம் கம்ப்ரஸர் எழாது.

ரிச்சர்ட்ஸ் பே மீனவன்:

கேப் டவுன் வழி இல்லை, ஆனால் இதே இழையில் கேட்கிறேன். வடக்கே செயின்ட் லூசியா, கேப் விடால், சொட்வானா பக்கம் போகிறவர்கள், கடற்கரை மணலில் வண்டியை இறக்கி ஒரு ஓரமாகத் தங்க முடியுமா? மணலுக்கு டயர் காற்று எவ்வளவு?

சாட்ஸ்வொர்த் அக்கா:

இறக்கவே கூடாது தம்பி. 2001 டிசம்பர்ல வெளியான விதி. 2002 ஜனவரியிலேருந்து கடற்கரையில வண்டி ஓட்டத் தடை. படகு இறக்க அனுமதி உள்ள இடத்துல, அந்த வேலைக்கு மட்டும்தான். அபராதம் ஒரு பக்கம், ஆமை முட்டையிடற மணல் அது. அக்டோபர் கடைசியிலேருந்து ராத்திரியில கரையேறும்.

செயின்ட் லூசியாவுல கழிமுகத்தை ஒட்டி வெட்டிவிட்ட பச்சைப் புல்தரையைப் பார்த்தா ஆசையா இருக்கும். அதை நீர்யானை மேயும். பொழுது சாஞ்சதும் தண்ணியை விட்டு ஏறி ஊருக்குள்ள தெருவரைக்கும் வரும். அதுக்கும் தண்ணிக்கும் நடுவுல நீங்க நின்னுட்டா அது விலகாது. புல்லை ஒட்ட மேஞ்ச ஓரமும் சாணமும் சேத்துல அகலமான தடமும் இருந்தா அது அதோட வழி. கேம்புக்கு உள்பக்கம், மரங்களுக்கு நடுவுல போடுங்க.

டயர் விஷயம் கரூ வண்டி சொல்லட்டும்.

கரூ வண்டி:

உள்ளே கேம்புக்குப் போகும் மணல்பாதைக்கு 1.2 பார், மாட்டிக்கொண்டால் 1.0. சரளைச் சாலைக்கு 1.6 முதல் 1.8, வேகம் 60. தாருக்கு வந்ததும் மறுபடி ஏற்றுங்கள், ஏற்றாமல் 100-இல் ஓட்டினால் டயர் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். சீரஸ்–கல்வினியா இடையே ஆர்355 என்று ஒரு நீண்ட சரளைச் சாலை இருக்கிறது, 250 கி.மீ.க்குப் பெட்ரோல் கிடையாது. அங்கே கூரான தட்டைக் கல் டயரைக் கிழிக்கும். டாங்க்வா பக்கம் நாட்டிலேயே அமைதியான இரவுகள் உண்டு. ஆனால் ஒரே ஒரு உபரிச் சக்கரத்தோடு போகாதீர்கள், இரண்டு வேண்டும்.

மரிட்ஸ்பர்க் மாமா:

தீ பற்றி ஒரு வார்த்தை. இரவு குளிரினால் பிராய் (இறைச்சி சுடும் அடுப்பு) கரியைத் தட்டில் வைத்துக் கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். புகை இல்லை, அணைந்துவிட்டது என்று தோன்றும் கரிதான் கார்பன் மோனாக்ஸைடு விடும். மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். கேஸ் ஹீட்டரும் அப்படியே. குளிருக்கு அடியில் தடித்த பாயும் சுடுதண்ணீர்ப் பையும் போதும். கேபினில் படுப்பதானால் எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டு விரல் அகலம் இறக்கிவிடுங்கள். மூச்சு ஈரம் கண்ணாடியில் வழியாது, காற்றும் ஓடும்.

கேப் பக்கம் டிசம்பர் காய்ந்த காலம், தென்கிழக்குக் காற்று வேறு. 1998-ஆம் ஆண்டு வெல்டு (புல்வெளி), காட்டுத் தீச் சட்டப்படி தீ அபாயம் அதிகம் என்று அறிவித்த நாளில் வெளியில் தீ மூட்டக் கூடாது. 3 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று எடுத்துக்கொண்டால் அந்த நாளிலும் சாப்பாடு நடக்கும். விறகை அந்தந்த இடத்தில் வாங்குங்கள்.

பீனிக்ஸ் பக்கி:

எல்லாம் குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். வழியில் எதுவும் பழுதாகி, கேட் மூடும் நேரத்துக்குள் சேர முடியாவிட்டால்? தரை சமம் பார்ப்பது எப்படி என்றும் யாராவது சொல்லுங்கள்.

கரூ வண்டி:

சேர முடியாது என்று தெரிந்தவுடன், இருட்டும் முன்பே, அடுத்த ஊரில் ஒரு விருந்தினர் அறைக்குப் போன் செய்யுங்கள். கரூ ஊர்கள் பெரும்பாலானவற்றில் அறை உண்டு. அதுவும் இல்லையென்றால் 24 மணி நேர பெட்ரோல் பங்க். மேலாளரிடம் கேட்டு, கடை வெளிச்சம் படும் இடத்தில், கேமராவுக்கு எதிரே. லாரிப் பக்கம் போகாதீர்கள். குளிர்சாதன லாரியின் மோட்டார் விடியும்வரை ஓடும். கூடாரம் விரிக்க வேண்டாம், இருக்கையைச் சாய்த்துப் படுங்கள், சாவி கையில். பம்பு பையனுக்கு ஏதாவது கொடுங்கள். அவசரத்துக்கு மொபைலில் 112, போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177.

சமம்: போனில் மட்டம் பார்க்கும் ஆப் போதும், படுக்கையின்மேல் வைத்துப் பாருங்கள். இடவலமாக ஒரு டிகிரி சாய்ந்தால் 1.4 மீட்டர் சக்கர இடைவெளிக்கு 2.4 செ.மீ. பலகை. அதை விடாமல் சரி செய்யுங்கள், பக்கவாட்டுச் சாய்வில்தான் உருண்டு உருண்டு தூக்கம் கெடும். முன்பின்னாக இரண்டு டிகிரி வரை விடலாம், தலைப் பக்கம் மேடாக இருந்தால். 2 செ.மீ. தடிப்பில் நான்கு பலகைத் துண்டு வண்டியில் இருக்கட்டும். தரைக் கூடாரத்துக்குப் பலகை கிடையாது. ஆகவே முதலில் அப்பா அம்மாவுக்கான இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் பக்கியை நிறுத்துங்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா:

அப்பா செருப்பைக் கூடாரத்துக்கு வெளியில விடாம உள்ளேயே வைக்கச் சொல்லுங்க. கரூவுல தேள் உண்டு. வால் தடிச்சு முன்பக்க இடுக்கி மெலிஞ்சிருந்தா விஷம் அதிகம். காலையில போடறதுக்கு முன்னால தட்டிப் போடணும். நீளமான புல்லுல நடந்தா முழங்காலுக்குப் பின்னால, இடுப்புல உண்ணி இருக்கான்னு பாருங்க; கடிச்ச இடம் கறுத்துப் பொருக்கு மாதிரி ஆகி, தலைவலி, காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட கேம்ப் போயிட்டு வந்தோம்னு சொல்லுங்க, உடனே புரிஞ்சுப்பாங்க.

கரீப்ல தங்கற ராத்திரி டிசம்பர் 9, செவ்வாயா புதனா பார்த்துக்கோங்க, வார நாளா இருந்தா முன்பதிவுல மூணாவது வரிசையை நீங்களே கேட்டு வாங்கலாம்.